லைட்டை அணைக்க ஆளில்லாத அறை

வாசகர் கடிதம்:

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. வயது 21. பேராதனை கெம்பஸில் கலைப்பீடம், முதலாம் வருடம். கலஹா வீதிப் பக்கம் ஒரு போடிங் அறையில் இரண்டு சிங்களப் பிள்ளைகளோடு இருக்கிறேன். வந்து எட்டு மாதமாகிறது. சமைப்பது, துவைப்பது, பேங்க் வேலை எல்லாம் தனியாகப் பார்க்கிறேன். வீட்டில் இருந்தபோது ஹட்டன் டவுனுக்குக் கூடத் தனியாகப் போனதில்லை, அதனால் எனக்கே பெருமையாக இருக்கிறது. போன்தான் பிரச்சினை. ஒரு நாளைக்கு ஆறரை மணித்தியாலம் என்று காட்டுகிறது. இரவு 10 மணிக்குப் படுத்தால் 2 மணி வரை டிக்டொக், இல்லாவிட்டால் கொரிய நாடகம். காலை 8 மணி லெக்சருக்கு இந்த மாதம் நாலு தடவை போகவில்லை. டைமர் போட்டுப் பார்த்தேன், வேலைக்காகவில்லை. இரண்டு முறை ஆப்களையே அழித்தேன். மூன்றாம் நாள் திரும்பப் போட்டுவிட்டேன். அண்ணன் கொழும்பில் கடையில் வேலை செய்கிறார். போன் வாங்கித் தந்ததும் ரீலோட் போடுவதும் அவர்தான். ஒரு நாள் இரவு 1.50க்கு என் லாஸ்ட் சீன் பார்த்துவிட்டு ஏசினார். அதை மறைத்துவிட்டேன். அம்மா கேட்டால் படித்துக்கொண்டிருந்தேன் என்று பொய் சொல்கிறேன். லீவு கிடைத்தாலும் வீட்டுக்குப் போக மனம் வருவதில்லை. நான் போனுக்கு அடிமையாகிவிட்டேனா? சாதா போனுக்கு மாறட்டுமா? (பெயர் வேண்டாம்)

பதில்:

தங்கச்சி, அடிமை என்ற சொல்லை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் கேமிங் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் வழக்கமாக 12 மாதமாவது கட்டுப்பாடு கைவிட்டுப் போய், படிப்போ உறவோ குலைந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. ‘போன் அடிமை’ என்று ஒரு நோயின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் கடிதத்தை வைத்து நான் அப்படி ஒரு பெயரைச் சூட்டப் போவதும் இல்லை.

கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது ஆறரை மணித்தியாலம் அல்ல. பகலில் போன் பார்த்ததால் ஏதாவது கெட்டது என்று நீங்கள் ஒரு வரி கூட எழுதவில்லை. லெக்சர் தவறியது, அண்ணன் ஏசியது, அம்மாவிடம் பொய் சொன்னது மூன்றும் இரவு 10க்கும் 2க்கும் நடுவில் இருக்கிற நாலு மணித்தியாலத்தில் இருந்து வந்தவை. அந்த நாலை மட்டும் பிடித்தால் போதும். மிச்ச நேரத்தைப் பற்றி இந்தத் தவணையில் கவலைப்பட வேண்டாம்.

தோட்டத்து லய வீட்டில் இருந்தபோது உங்கள் நாள் எப்படி முடிந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரே காம்பராவில் நாலைந்து பேர். விடிந்தால் பெரியவர்கள் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள்கணக்குக்கு, போக வேண்டும். ஒன்பது, ஒன்பதரைக்கு யாராவது ஒருவர் லைட்டை அணைத்துவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் போனைத் திறந்தால் அந்த வெளிச்சம் எல்லார் முகத்திலும் அடிக்கும். காலையில் பீலிக்கரையில் கூட்டம் சேர முன்னர் தண்ணீர் பிடிக்க எழுப்பிவிடவும் ஆள் இருந்தது. எத்தனை மணிக்குத் தூங்குவது என்று நீங்கள் ஒரு நாளும் தீர்மானித்திருக்க மாட்டீர்கள், வீடு தீர்மானித்தது. போடிங்கில் சமையலைக் கற்றுக்கொண்டீர்கள், காசை எண்ணிச் செலவழிக்கக் கற்றுக்கொண்டீர்கள். நாளை முடித்து வைக்கிற வேலை மட்டும் உங்கள் கைக்கு வந்தது தெரியாமலே கிடக்கிறது. இதை ஒழுக்கக்கேடு என்று நினைத்து உங்களை நீங்களே ஏசிக்கொள்ளாதீர்கள். பழகாத வேலை, பழகினால் வரும்.

இன்னொன்றும் இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். தமிழில் படிக்கிறீர்கள். அறைக்கு வந்தால் பேச்செல்லாம் சிங்களம். எட்டு மாதத்தில் சமாளிக்கும் அளவுக்குப் பழகியிருப்பீர்கள். ஆனாலும் ஒவ்வொரு வசனத்தையும் மனதுக்குள் ஒருமுறை அடுக்கிப் பார்த்துப் பேசுவது களைப்பான வேலை. இரவு படுக்கையில் காதில் இயர்போனை மாட்டித் தமிழில் டப் செய்த நாடகத்தைப் போடும்போதுதான் அன்றைக்கு முதன்முதலாக எந்தப் பிரயாசையும் இல்லாமல் எல்லாம் விளங்குகிறது. அந்த ஆறுதல் நியாயமானது. ஆகவே பொழுதுபோக்கை நிறுத்தச் சொல்ல மாட்டேன். படுக்கையில் இருந்து இறக்கி நேரத்தோடு வைக்கச் சொல்கிறேன்.

முதல் மூன்று நாள் எதையும் மாற்றாதீர்கள். ஒரு கொப்பியில் மூன்று கோடு போட்டு எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் போனை எடுத்தேன், என்ன பார்த்தேன், எடுக்கும் நிமிடத்துக்குச் சற்று முன் என்ன நடந்தது. மூன்றாவது கோடுதான் முக்கியம். மூன்று நாளில் ஒன்று சனி அல்லது ஞாயிறாக இருக்கட்டும். அதோடு போனில் செட்டிங்ஸ், டிஜிட்டல் வெல்பீயிங் என்று போனால் ஒரு வட்டம் தெரியும். அதைத் தொட்டால் ஒவ்வொரு ஆப்பும் எத்தனை நிமிடம், போனை எத்தனை தடவை திறந்தீர்கள், எத்தனை நோட்டிபிகேஷன் வந்தது என்று வரும். மொத்த மணித்தியாலத்தை விடத் திறந்த தடவைக் கணக்கைக் கவனியுங்கள். தடவை அதிகமாகவும் நேரம் குறைவாகவும் இருந்தால் நோட்டிபிகேஷன்தான் உங்களை இழுக்கிறது. தடவை குறைவாகவும் நேரம் நீளமாகவும் இருந்தால் இழுப்பது நாடகமும் முடிவில்லாத வீடியோவும்தான். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை போலத் தெரிகிறது. இருந்தாலும் எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போது டைமர் ஏன் வேலைக்காகவில்லை என்ற விஷயம். ஆண்ட்ரொயிட் போனில் ஓர் ஆப்புக்கு ஒரு மணித்தியாலம் என்று டைமர் போட்டால் அந்தக் கணக்கு நள்ளிரவு 12 மணிக்குத் திரும்பப் பூச்சியத்தில் இருந்து தொடங்கும். 11.40க்கு ‘இன்றைய நேரம் முடிந்தது’ என்று டிக்டொக் பூட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு வேறெதையாவது தட்டிக்கொண்டிருந்தால் 12 அடித்ததும் முழுசாக இன்னொரு மணித்தியாலம் கிடைக்கிறது. போதாததற்கு, சில பேக்கேஜ்களில் டேட்டாவை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். அண்ணன் போட்ட காசு வீணாகப் போகக்கூடாதே என்ற நினைப்பும் சேர்ந்தால் தூக்கம் வந்தாலும் கண்ணைத் திறந்து வைத்திருக்கத் தோன்றும். ரீலோட் போடும்போது பேக்கேஜ் விபரத்தைப் பாருங்கள். இரவுப் பங்கு இல்லாததாக, மொத்தம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, எந்நேரமும் பாவிக்கக் கூடியதாக மாற்றச் சொல்லி அண்ணனிடம் கேளுங்கள். மாற்ற முடியாது, இரவுப் பங்கு காலை வரை செல்லும் என்றால், எழும்பிய பிறகு பல் தீட்டப் போகும் நேரத்தில் லெக்சர் வீடியோவையும் பிடிஎப்களையும் டவுன்லோடில் போடுங்கள். இரவு டேட்டாவும் வீணாகாது.

டைமருக்குப் பதிலாக உங்களுக்கு வேண்டியது போகஸ் மோட். அதே டிஜிட்டல் வெல்பீயிங் பக்கத்தில் இருக்கும். டிக்டொக், யூடியூப், பேஸ்புக், நாடகம் பார்க்கும் ஆப் நாலையும் தெரிவு செய்து, ஷெட்யூல் என்ற இடத்தில் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் கிழமையும் போடுங்கள். அந்த நேரத்தில் அந்த ஆப்கள் சாம்பல் நிறமாகி நிற்கும், அவற்றின் நோட்டிபிகேஷனும் வராது. இது எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று எண்ணுவதில்லை, இத்தனை மணிக்குக் கடை பூட்டு என்கிறது. நள்ளிரவுத் தந்திரம் இதனிடம் செல்லாது. ஒரு பலவீனம் உண்டு: ‘ஐந்து நிமிடம் இடைவேளை’ என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். அதை முதல் இரவு தொட்டால் பிறகு ஒவ்வோர் இரவும் தொடுவீர்கள். சாம்சங் என்றால் இந்த வசதி ‘மோட்ஸ் அண்ட் ரூட்டீன்ஸ்’ என்ற பெயரில் வேறு இடத்தில் இருக்கலாம்.

பெட்டைம் மோட் என்பது தனி. அது திரையைக் கறுப்பு வெள்ளையாக்கி அழைப்புகளை அமைதிப்படுத்தும். கறுப்பு வெள்ளையில் குட்டி வீடியோ பார்ப்பது சப்பென்று இருக்கும், அதனால் கொஞ்சம் உதவும். ஆனால் அம்மாவின் அழைப்பு வராமல் போய்விடுமோ என்று நீங்கள் பயப்படலாம். டூ நொட் டிஸ்டர்ப் செட்டிங்கில் அழைப்புகள் என்ற இடத்தில் நட்சத்திரமிட்ட எண்களுக்கு மட்டும் அனுமதி என்று வையுங்கள். கொண்டாக்ட்ஸில் அம்மா, அண்ணன் பெயர்களுக்கு நட்சத்திரம் போடுங்கள். திரும்ப அழைப்பவருக்கு அனுமதி என்பதையும் திறந்து வைத்தால், ஒரே எண்ணில் இருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைப்பு வந்தால் அது ஒலிக்கும். பக்கத்து லயத்து ஆளின் போனில் இருந்து அவசரத்துக்கு எடுத்தாலும் தவறாது.

இத்தனையும் போனுக்குள் செய்கிற வேலை. போனை வைக்கிற இடம் இதை விடப் பெரிது. போடிங் அறைகளில் பிளக் பொயின்ட் பெரும்பாலும் ஒன்று, அதுவும் கட்டில் தலைமாட்டில். சார்ஜில் போட்ட போன் தலையணைக்குப் பக்கத்தில் வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஓர் எக்ஸ்டென்ஷன் கோட் வாங்கிக் கதவுப் பக்கத்து மேசைக்கு இழுங்கள். மற்ற இரண்டு பிள்ளைகளிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அவர்களும் அதில் சார்ஜ் போடலாம். எழுந்து நாலு அடி வைத்தால்தான் எடுக்க முடியும் என்ற தூரம் வேண்டும். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு மன உறுதியை நம்புவதில் பிரயோசனம் இல்லை, நடுராத்திரியில் யாருக்கும் அது இருப்பதில்லை.

அலாரம் போனில்தானே இருக்கிறது என்பீர்கள். ஒரு சின்ன மேசை அலாரக் கடிகாரம் வாங்குங்கள். இதைச் செலவு என்று பார்க்க வேண்டாம். போனில் அலாரம் அடித்தால் அதை நிறுத்தக் கை போகும், கண் மேலே இருக்கும் நோட்டிபிகேஷனில் விழும், பிறகு அரை மணித்தியாலம் அங்கேயே போகும். இரவு லைட் அணைந்த பிறகு நேரம் பார்க்கப் போனைத் தொடுவதும் இதே கதைதான்.

தூக்க நேரத்தை ஒரே நாளில் 2 மணியில் இருந்து 11 மணிக்கு இழுக்காதீர்கள். உடம்பு 2 மணிக்குத்தான் தூங்கிப் பழகியிருக்கிறது. 11க்குப் படுத்தால் மூன்று மணித்தியாலம் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அந்தச் சலிப்பில் எழுந்து போய்ப் போனை எடுப்பீர்கள். நீங்கள் ஆப்களை அழித்த இரண்டு முறையும் மூன்றாம் நாளில் முறிந்ததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். மூன்று இரவுக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் முன்னுக்கு வாருங்கள். முதல் மூன்று இரவு 1.30, அடுத்த மூன்று 1.00, பிறகு 12.30. இப்படியே போனால் ஏறக்குறைய 18 இரவில் 11 மணிக்கு வந்துவிடலாம். ஒவ்வொரு முறையும் போகஸ் மோட் தொடங்கும் நேரத்தைப் படுக்கிற நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்னதாக மாற்றி வையுங்கள். அந்த அரை மணித்தியாலத்தில் முகம் கழுவுவது, நாளைக்கான உடுப்பை எடுத்து வைப்பது, பேக் அடுக்குவது என்று கையால் செய்கிற வேலை இருக்கட்டும்.

எழும்புகிற நேரம் மட்டும் முதல் நாளிலேயே நிலையாக வேண்டும். 6.15 என்றால் ஞாயிற்றுக்கிழமையும் 6.15, மிஞ்சினால் 7. முதல் வாரம் பகலில் கண் எரியும். லெக்சரில் தலை ஆடும். மத்தியானம் தூங்கினால் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் 3 மணிக்கு முன். காலையில் வெளிச்சத்தில் இருப்பது உடம்புக் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும். கண்டிப் பக்கம் பனிமூட்டமான காலையிலும் வெளியில் இருக்கும் வெளிச்சம் அறைக்குள் எரியும் பல்பை விடப் பல மடங்கு, ஆகவே நடந்தே கெம்பஸுக்குப் போங்கள்.

தோட்டத்துப் பிள்ளைக்குத் தேயிலையைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரவு 9 மணிப் பிளேன்டீ உங்களுக்கு உதவி செய்யவில்லை. தேநீரில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணித்தியாலம் எடுக்கும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. இந்த 18 நாளாவது கடைசித் தேநீர் பின்னேரம் 4 மணியோடு நிற்கட்டும். குளிருக்குச் சூடாக ஏதாவது வேண்டும் என்றால் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள்.

பொழுதுபோக்கு விஷயத்தில் நான் தாராளம். இரவு 7.30க்கும் 9.30க்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் நாடகம் பாருங்கள், மனச்சாட்சி குத்தாமல் பாருங்கள். பார்க்கும் முறையில் மட்டும் இரண்டு மாற்றம். என்ன பார்ப்பது என்று பகலிலேயே முடிவு செய்யுங்கள். இரவில் களைத்த மூளையோடு தேடத் தொடங்கினால் தேடலே முக்கால் மணித்தியாலம் தின்னும். இரண்டாவது, அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்த முயலாதீர்கள். முடிவில்தான் கொக்கி வைத்து எழுதுகிறார்கள்: கதவு திறக்கும், யாரோ நிற்பார், தொடரும் என்று வரும். அந்த இடத்தில் நிறுத்துவது யாருக்கும் கஷ்டம். அதைத் தாண்டி அடுத்த அத்தியாயத்தில் பத்து நிமிடம் பாருங்கள். கதவில் நின்றவர் யார் என்று தெரிந்துவிடும், கதை கொஞ்சம் தணியும், இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற காட்சி எப்படியும் வரும். அங்கே நிறுத்துங்கள். ஓட்டோபிளேயை அணைத்து வைத்தால்தான் இது நடக்கும். யூடியூபில் வீடியோவின் மேல் மூலையில் அந்தச் சின்ன சுவிட்ச் இருக்கிறது.

டிக்டொக்கும் யூடியூப் ஷோர்ட்ஸும் வேறு ரகம். அவற்றில் நிறுத்துகிற இடம் என்று ஒன்றே இல்லை. பத்தில் ஒன்பது வீடியோ சுமாராக இருந்து பத்தாவது மட்டும் சிரிக்க வைக்கும். அடுத்தது நல்லதாக இருக்குமோ என்ற எதிர்பார்ப்பில்தான் விரல் போகிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்குத்தான் மனிதர் அதிக நேரம் காத்திருப்பார். ஆகவே இவற்றைப் படுக்கையில் வைத்துக் கட்டுப்படுத்தப் பார்க்க வேண்டாம். பஸ்ஸில், கென்டீன் வரிசையில் பாருங்கள், பஸ் வந்தால் நின்றுவிடும். யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்திப் பழையதையும் அழித்துவிட்டால் முகப்புப் பக்கம் சிபாரிசு இல்லாமல் வெறுமையாக இருக்கும். தேடினால்தான் வீடியோ. வெறுமையான பக்கத்தைப் பார்த்து இரண்டு நாள் எரிச்சல் வரும், அவ்வளவுதான்.

காசுக் கணக்கும் ஒன்று. 480பி தரத்தில் ஒரு மணித்தியால வீடியோவுக்கு ஏறக்குறைய அரை ஜிபி போகும். நள்ளிரவுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் என்று வைத்தாலே மாதத்துக்கு 30 ஜிபி. எச்டியில் ஓடினால் இதைப் போல இரண்டு, மூன்று மடங்கு. தரத்தை 360பிக்கு இறக்குங்கள், போன் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது. கை வேலையாக இருக்கும் நேரத்துக்கு ரேடியோ போதும். துவைக்கும்போதும் தேங்காய் துருவும்போதும் சூரியன் எப்எம்மோ சக்தி எப்எம்மோ ஓடட்டும். தமிழும் காதில் விழும், விரலும் சும்மா இருக்கும்.

அறைப் பிள்ளைகள் இரவு சிங்கள டெலிநாடகம் பார்ப்பவர்களாக இருந்தால் வாரத்தில் இரண்டு நாள் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். விளங்காததைக் கேளுங்கள். நாடகத்தில் வருகிற பேச்சுச் சிங்களம்தான் கடையிலும் கந்தோரிலும் வேண்டியது. அதோடு, ஒரு பெண் இரவு 9 மணிக்கு இன்னும் இரண்டு பேரோடு சிரித்துவிட்டுப் படுப்பதும் தனியாக இயர்போனோடு படுப்பதும் ஒன்றல்ல.

சாதா போனுக்கு மாறட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். லெக்சர் மாறினால் பெட்ச் குரூப்பில்தான் சொல்கிறார்கள், பிடிஎப் அங்கேதான் வருகிறது, அசைன்மென்ட் ஏற்றுவதும் போனில்தான். இரண்டு வாரத்தில் ஏதாவது ஒன்று தவறிப்போகும், அதையே சாக்காக வைத்துப் பழைய போனுக்குத் திரும்புவீர்கள். அதற்குப் பதிலாக வட்ஸ்அப்பைத் துப்புரவாக்குங்கள். லெக்சர் அறிவித்தல் வரும் குரூப்பை மட்டும் மேலே பின் செய்து, மற்றவற்றை மியூட், ஓல்வேய்ஸ் என்று போட்டு ஆர்க்கைவுக்குள் தள்ளுங்கள். மியூட் செய்த குரூப்பிலும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தெரியும். ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்ற இடத்தில் மொபைல் டேட்டாவில் தானாக டவுன்லோட் ஆவதை முழுவதும் நிறுத்துங்கள். அசைன்மென்ட் திகதி வந்ததும் கொப்பியில் எழுதுங்கள். குரூப்பில் தேடிக்கொள்ளலாம் என்று விட்டால் தேடப் போன இடத்தில் ஸ்டேட்டஸ் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மாற்றத் தொடங்கிய முதல் சில நாள்தான் கடினம். கை சும்மா கட்டிலைத் தடவும், காரணமில்லாமல் சினம் வரும். ஓர் இரவு தவறி 2 மணி வரை பார்த்துவிட்டால் அடுத்த நாள் 6.15க்கே எழும்பி, விட்ட படியில் இருந்து தொடருங்கள். முதல் படிக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. அறைத் தோழியைக் காவலுக்கு வைக்காதீர்கள். ‘என்னை எடுக்க விடாதே’ என்று சொல்லிவிட்டு அவள் தடுத்தால் கோபிப்பீர்கள். போனும் போகாது, தோழமை போகும்.

அண்ணனுக்கு நீங்களே ஒரு முறை எடுத்துப் பேசுங்கள். ‘ராத்திரி நாடகம் பாத்தேன் அண்ணே, நாலு லெக்சர் போச்சு, இப்ப பதினொரு மணிக்குப் படுக்கப் பழகுறேன், பேக்கேஜை மாத்திப் போடுங்க’ என்று இந்த அளவுக்குச் சொன்னால் போதும். காசு போடுகிறவருக்கு அது எங்கே போகிறது என்று தெரிய உரிமை உண்டு. ஆனால் ஒவ்வோர் இரவும் ஒன்லைனில் இருக்கிறீர்களா என்று பார்க்கும் வேலையை அவரிடம் கொடுக்க வேண்டாம். லாஸ்ட் சீனை மறைத்தது குற்றமில்லை, மறைத்த கையோடு பொய்யும் சொன்னதுதான் உங்களை அரிக்கிறது. முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிட்டால் அது மறைந்திருந்தால் என்ன, தெரிந்தால் என்ன.

அம்மா எடுக்கும் அழைப்பு பெரும்பாலும் ‘சாப்பிட்டியா, படிக்கிறியா’ என்ற இரண்டு கேள்வியோடு முடிந்துவிடும். அதற்கு ஆம் என்ற பதிலைத் தவிர வேறு பதில் இல்லாததால்தான் பொய் வருகிறது. அவர் மலையில் இருந்து வந்து குளித்துச் சமையலுக்கு உட்காரும் நேரம் எது என்று உங்களுக்குத் தெரியும். சிக்னல் கிடைக்கும் இடத்தில் அவர் இருக்கிற நேரமாகப் பார்த்து நீங்களே எடுங்கள். என்ன சமைத்தீர்கள், பருப்பு ஏன் அடிப்பிடித்தது, கொழுந்து எத்தனை கிலோ என்று பேச்சு போகட்டும். ஐந்து நிமிடம் போதும். அது படுக்கைக்கு முந்திய வேலைகளின் தொடக்கமாகவும் இருக்கும்.

வீட்டுக்குப் போக மனம் வராததை நினைத்துக் கலங்காதீர்கள். முதல் தடவையாகச் சொந்தமாக ஓர் அலுமாரியும் மேசையும் கிடைத்த பிள்ளைக்கு, போக வர ஒரு நாள் பஸ்ஸிலேயே கழியும் என்றால் அப்படித்தான் இருக்கும். மாதம் ஒரு முறை என்று திகதி குறித்துக்கொண்டு போங்கள். ஆனால் எழும்பும் நேரம் அங்கேயும் 6.15தான். வீட்டில் அதற்கு முன்னரே எழுப்பிவிடுவார்கள் என்பதால் அந்த இரண்டு நாளும் உங்களுக்கு லாபம்.

நான் தவறாகக் கணித்திருக்கவும் கூடும். அதைப் பார்க்க ஒரு வழி உண்டு. போன் மேசையில் இருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல் கிடந்தாலோ, நாடகத்தில் கூட ருசி விட்டுப்போனாலோ, காரணமில்லாமல் அழுகை வந்தாலோ, போன் நோயல்ல, வேறொன்றின் அறிகுறி. அப்போது கெம்பஸில் மாணவர்களுக்கான உளவளத்துணைப் பிரிவுக்குப் போங்கள். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு முறை வந்தாலும் காத்திருக்காமல் 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலவச எண், 24 மணித்தியாலமும் இயங்கும். கேமுக்கோ ஒன்லைன் கடனுக்கோ காசு போய்க்கொண்டிருந்தாலும், படத்தை வைத்து யாராவது மிரட்டினாலும் நான் மேலே எழுதிய எதுவும் அதற்குப் போதாது. எனக்குத் திரும்ப எழுதுங்கள், அதற்கு முன்னர் அண்ணனிடம் சொல்லுங்கள்.

அப்படி ஒன்றும் இல்லை என்றால் கொப்பியை இன்றைக்கே எடுங்கள். தவறவிட்ட நாலு லெக்சருக்கும் குறிப்பு யாரிடம் இருக்கிறது என்று நாளை பகலில் நேரில் கேளுங்கள், குரூப்பில் கேட்க வேண்டாம். வரவு குறைந்தால் பரீட்சை எழுத விடுவார்களா என்பதையும் பீடக் காரியாலயத்தில் விசாரித்து வையுங்கள்.